பாலத்துக்கு அடியில் நின்ற நீர்நாய்

காட்டாற்றின் குறுக்கே நீர்நாய் ஒன்று பாலம் கட்டிக்கொண்டிருந்தது. யானை மரம் உருட்டிக் கொடுத்தது. குரங்குகள் கொடி முறுக்கிக் கொடுத்தன. மற்ற விலங்குகள் தினமும் கரைக்கு வந்து வேடிக்கை பார்த்தன.

அவற்றில் ஒரு தாய் மானும் உண்டு. போன மழைக்காலத்தில் நரி காட்டிய வழியில் ஆற்றில் இறங்கி, தன் குட்டியை வெள்ளத்துக்குப் பறிகொடுத்த மான் அது. இப்போது இன்னொரு குட்டி பிறந்திருந்தது. நல்ல புல்லோ அக்கரையில்தான். மழைக்குள் பாலம் முடிய வேண்டுமே என்பதுதான் அதன் ஒரே கவலை.

நரிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே! ஆற்றில் இறங்க வழி காட்டுகிறேன் என்று எல்லாரிடமும் தீனி வாங்கியே உடம்பை வளர்த்த பிறவி அது.

திறப்பு நாளன்று நரி ஒவ்வொரு காதாகப் போய் ஓதியது. பாலம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதாம், நடுமரம் உளுத்துப்போய்விட்டதாம். கடைசியில் ஒருவரும் கால் வைக்கவில்லை. மானும் குட்டியோடு பின்வாங்கியது. ஒன்றை இழந்த தாய்க்குப் பயம் இருக்காதா? வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பாலத்தில் யானை முதலில் நடக்கும்போது, கட்டியவர் அதற்கு நேர் கீழே நிற்க வேண்டும். நீர்நாய் பயந்துவிடும் என்று நினைத்து நரியே அந்தப் பேச்சை எடுத்தது.

“தைரியம் இருந்தால் அடியில் போய் நில், பார்ப்போம்!”

“அதற்கென்ன, நிற்கிறேன்” என்றது நீர்நாய். தன் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு நடுமரத்துக்குக் கீழே போய் நின்றது. “யானையண்ணே, பார்த்துப் பார்த்து நடக்க வேண்டாம். நன்றாக மிதித்தே வாங்க.”

யானை ஏறியது. மரங்கள் கிறீச்சிட்டன. மண் உதிர்ந்து நீர்நாயின் தலையில் விழுந்தது. அது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குட்டிகளுக்கு மீன் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. யானை அக்கரைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

மானுக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டியை முன்னால் விட்டுப் பாலத்தில் ஏறியது. அதன் பின்னால் காடே ஏறியது. மழை கொட்டி ஆறு நுரை தள்ளி ஓடியபோது, மான்குட்டி அக்கரையில் வயிறு நிறைய மேய்ந்துகொண்டிருந்தது.

கூட்டத்தோடு கூட்டமாக நரியும் வந்திருந்தது. நீயுமா என்று மான் கேட்டது.

“பாலம் தாங்கும் என்று எனக்கு அப்போதே தெரியும்” என்றது நரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஒழுங்காக வேலை செய்தவருக்கு, குறை சொல்பவர் வாயை அடைக்க அந்த வேலையே போதும்.