ஒன்பது கோட்டுப் பலகையில் ஆள்காட்டி

ஒரு காட்டுக் குளம். கோடையில் வற்றி வற்றி, ஒரு எருமை படுத்தால் நிறைந்துவிடும் அளவுக்குத்தான் தண்ணீர் மிஞ்சியது. அதன் கரையில், வெறுந்தரையில், ஆள்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்றே நாள்.

ஆள்காட்டிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வெயிலில் முட்டை வெந்துவிடுமே! ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைக்கும். ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். எழுந்து நாலு திக்கும் பார்க்கும். ஒரு கத்துக் கத்தும். மறுபடி ஓடும்.

ஒரு காலையில் காட்டுப்பன்றி வந்து நின்றது. இன்றுமுதல் இந்தச் சேற்றில் தான் புரளப்போவதாகவும், முட்டைகளை வேறெங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னது.

"முட்டை என்ன மூட்டையா அண்ணே, தூக்கிக்கொண்டு போக?" என்றது ஆள்காட்டி.

"அப்படியானால் ஆடிப் பார்த்துவிடுவோம், தங்கச்சி."

அந்தக் காட்டில் வழக்கு வந்தால் கொம்பாலும் பல்லாலும் தீர்ப்பதில்லை. கோ என்னும் ஆட்டத்தால் தீர்ப்பார்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வாத்துகள் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. நம்பாதவர்கள் வாத்துகளையே கேட்டுக்கொள்ளலாம். தரையில் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழிக்க வேண்டும்; அதுதான் பலகை. ஒருவருக்குக் கறுப்புக் கூழாங்கல், மற்றவருக்கு வெள்ளை நத்தை ஓடு. கோடுகள் கூடும் இடத்தில் ஆளுக்கொரு காயாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. சுற்றியுள்ள புள்ளிகளை எல்லாம் எதிரி அடைத்துவிட்டால் காய்க்கு, ஒட்டி நிற்கும் கூட்டமானால் கூட்டத்துக்கே, மூச்சு நின்றது. எடுத்து வெளியே போடலாம். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்தாரோ அவருக்கே வெற்றி.

பெரிய பலகைக்குப் பத்தொன்பது கோடு. அதில் பன்றியை வெல்ல ஆளில்லை. ஒருமுறை முள்ளம்பன்றியோடு ஆடியபோது, பலகையோரம் கிடந்த புளியங்கொட்டை முளைத்து மரமாகி, அதன் நிழலில்தான் ஆட்டம் முடிந்ததாம்.

ஆனால் எந்தப் பலகை என்று சொல்லும் உரிமை வம்புக்கு இழுக்கப்பட்டவருக்கு. பத்தொன்பது கோடு ஆடினால் முட்டை நாலும் வெந்துபோகும் என்று ஆள்காட்டிக்குத் தெரியும். "ஒன்பது கோடு" என்றது.

பன்றி வயிறு குலுங்கச் சிரித்தது. அது பால்குடிக் குட்டிகள் ஆடும் பலகை, அதில் தான் கண்ணை மூடிக்கொண்டே ஆடுவேன் என்று பீற்றிக்கொண்டது. பெருந்தன்மையாக முதல் காயையும் குருவிக்கே விட்டுக்கொடுத்தது.

நடுவராக உடும்பு வந்து உட்கார்ந்தது. எதிராளி காய் வைத்ததும், தான் ஒன்பது தரம் நாக்கை நீட்டுவதற்குள் பதில் காய் வைக்க வேண்டும், இல்லையென்றால் முறை போய்விடும் என்றது. முதல் காய் வைப்பதற்கு முன்பே ஆள்காட்டி ஒருதரம் முட்டையைப் பார்த்துவிட்டு வந்தது.

பிறகு நட்டநடுவில் ஒரு கறுப்பை வைத்தது.

"நடுவில் வைத்தவள் நடுத்தெருவில் நிற்பாள்" என்றது பன்றி. பெரிய பலகைப் பழக்கத்தில் ஒரு மூலையில் காய் வைத்தது. ஆள்காட்டி வயிற்றை நனைக்க ஓடியது, வந்தது, வைத்தது, ஓடியது. பன்றியின் காய் இரண்டு அடைபட்டுப் போயின. போகட்டும், வேறு பக்கம் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால் அங்கேயும் நடுக்காய் முறைத்தது. ஒன்பது கோட்டில் வேறு பக்கம் என்று ஒன்று ஏது?

பன்றி இப்போதுதான் கண்ணைத் திறந்து ஆடியது. எஞ்சிய மூலையில் ஏழு காயைச் சேர்த்து, உள்ளே இரண்டு மூச்சுத் துளைகளை விட்டுக்கொண்டது. துளை இரண்டு இருந்தால், இரண்டையும் ஒரே காயால் அடைக்க முடியாதாகையால், அந்தக் கூட்டத்தை யாராலும் சாகடிக்க முடியாது. ஒற்றைத் துளை என்றால் எதிரி அதிலேயே கடைசிக் காயை வைத்து மொத்தத்தையும் அள்ளிவிடலாம்.

வெயில் ஏறியது. ஆள்காட்டி முட்டைமேல் இருந்த நேரமாகப் பார்த்துப் பன்றி சட்டென்று ஒரு காயைத் தள்ளியது. ஆள்காட்டி பறந்துவருவதற்குள் உடும்பு ஒன்பதாவது தரம் நாக்கை நீட்டிவிட்டது.

"முறை போயிற்று" என்றது உடும்பு.

பன்றிக்கு அடுத்தடுத்து இரண்டு காய். அதில் கறுப்புக்குச் சேரவேண்டிய ஓரம் முழுக்கப் போயிற்று. ஆனாலும் ஆள்காட்டி ஒன்றைக் கவனித்துக்கொண்டது: தான் தூரப் போனால் இந்த அண்ணன் அவசரப்படுகிறார்.

அடுத்த காயால் பன்றியின் மூலைக் கூட்டத்தை வெளிப்புறம் முழுக்க அடைத்துவிட்டு அது இரண்டடி நடந்தது. பிறகு ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டத் தொடங்கியது. நரி வந்தால் முட்டையைவிட்டு அதைத் தூர இழுத்துப்போக ஆள்காட்டிகள் போடும் நாடகம் அது. விழுந்தது, எழுந்தது, புதர்வரை தத்தித் தத்திப் போனது.

"ஐயோ பாவம், சிறகு ஒடிந்துபோச்சே" என்றது பன்றி. கண் முழுக்கக் குருவிமேல். இவள் திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு காய் வைத்துவிடலாம் என்று நாக்கில் எச்சில் ஊறியது. குனிந்து பார்க்காமலே மூக்கால் ஒரு நத்தை ஓட்டைத் தள்ளியது.

உடும்பு ஆறாவது தரம் நாக்கை நீட்டுமுன் ஆள்காட்டி அம்பு மாதிரி வந்து இறங்கியது. பலகையைப் பார்த்தது. பன்றியின் ஓடு அதன் சொந்தத் துளைகளில் ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தது.

"இரு, இரு, அது கைத்தவறு" என்று பதறியது பன்றி.

"வைத்த காய் நகராது, அண்ணே" என்றது உடும்பு.

ஆள்காட்டி மிச்சத் துளையில் தன் காயை வைத்தது. எட்டு ஓடுகளும் வெளியே போயின. பெரிய பலகையாக இருந்தால், பன்றி மிச்சமிருக்கும் இடத்தில் ஆடிச் சரிக்கட்டியிருக்கும். இங்கே அந்த மூலைதான் அதன் ராஜ்ஜியம்.

உடும்பு எண்ணித் தீர்ப்புச் சொன்னபோது ஆள்காட்டி அங்கே இல்லை. நனைந்த வயிற்றோடு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் நான்கும் பொரிந்தன. பன்றி புரள்வதற்கு மலைக்கு அப்பால் வேறு சேறு தேடிப்போயிற்று.

களம் சின்னதுதானே என்று கண்ணை வேறெங்கோ வைத்து ஆடுகிறவன், தன் மூச்சுத் துளையைத் தானே அடைத்துக்கொள்வான்.