அகட்டியா, ஒடுக்கியா?

"காலை அகட்டி வச்சுத் தூக்கவா, ஒடுக்கி வச்சுத் தூக்கவா மாஸ்டர்?"

கேட்டவர் அடைக்கலம். தூத்துக்குடி தீயணைப்பு நிலையத்து ஆள். தோள் ரெண்டும் கதவு மாதிரி இருக்கும். மாஸ்டர் ரோஸ்லின் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் அந்த ஜிம்மில் அவர் வாய் திறந்தால் ஒரு பயல் மூச்சு விடமாட்டான்.

மறுநாள் மாவட்ட அணித் தேர்வு. டெட்லிஃப்ட்தான், தரையில் கிடக்கிற, எடை மாட்டிய பாரைத் தூக்கி நிமிர்ந்து நிற்கணும். முதலில் தாங்குகிற மட்டும் எடை, ஒரே தூக்கு. அப்புறம் எடையைக் குறைத்து, முடிகிற மட்டும் தடவை. வயசு வரம்புப்படி அடைக்கலத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அகட்டினா பார் ஏறுற தூரம் கம்மி, பெரிய எடை வருது. ஒடுக்கினா கடகடன்னு நிறைய தடவை வருது. யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்றான். எது ஒசத்தி?"

"நிறைய தடவைன்னீங்களே, அதைக் காட்டுங்க."

காட்டினார். அடேயப்பா! டணார் டணார் என்று பார் தரையில் மோதிய வேகத்தில் மேலே வந்தது. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

மாஸ்டர் வெளியே போனார். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைச் சட்டியில் அள்ளி வந்து, பாரின் இரண்டு பக்கத்து எடைப் பிளேட்டுக்கும் கீழே மெத்தென்று பரப்பினார்.

"இப்பத் தூக்குங்க அண்ணாச்சி."

முதல் தடவை வந்தது. இறக்கினார். தொப்பென்று மணலில் உட்கார்ந்த பார், அப்புறம் அசைவேனா என்றது.

"மணல் இழுக்குது மாஸ்டர்!"

"மணல் என்ன செய்யும்? மணல் இல்லாதப்பவும் முதல் தடவைதான் நீங்க தூக்கினது. மிச்சத்தைத் தரை எகிற வச்சுத் தூக்கிக் குடுத்துச்சு. நாளைக்கு எடை தரையில அடங்கி நின்னு எழுந்தாத்தான் கணக்கு."

அடைக்கலத்தின் முகம் செத்துப்போனது.

வேறு ஆளாயிருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார். இவர் போகவில்லை. அதற்காகவே அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குனிந்தார். தூக்கினார். இறக்கினார். மூச்சு வாங்கினார். காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். மறுபடி தூக்கினார். கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே தூக்கினார்.

"சபாஷ் அண்ணாச்சி!" மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பக் கீழ பாருங்க."

பார்த்தார். பாதங்கள் அகட்டியும் இல்லை, ஒடுக்கியும் இல்லை. நடுவில் எங்கேயோ, ஊன்றி நின்றன.

"இது என்ன ஸ்டைல் மாஸ்டர்? நாளைக்குக் கேட்டா என்ன பேரு சொல்ல?"

"பேரா கேக்கப் போறாங்க? தூக்கத்தான் சொல்லுவாங்க."