பதில் சொல்லாத மெஷின்

"மெஷின் செத்துப்போச்சும்மா," என்றான் சந்தியாகு.

ரொசாலி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யார் சொன்னது?"

"உள்ளே போகத் தட்டித் தட்டிப் பார்த்துட்டேன். சத்தமே இல்லை."

சந்தியாகு விசைப்படகுகளில் வயர்லெஸ் பார்த்துத் தலை நரைத்தவன். ரொசாலி அவனைவிட இளையவள். ஆனாலும் இந்த வேலையில் அவள்தான் குரு. மீனவர் சங்கத்தின் புயல் எச்சரிக்கை இவர்கள் இருவர் பொறுப்பு. போன் எட்டாத ஆழ்கடலில் ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி இருக்கும். அதற்குச் செய்தி போகவேண்டுமானால் கிளவுட் மெஷினுக்குள் நுழைந்துதான் அனுப்பவேண்டும். எங்கோ தூர ஊரில் வாடகைக்கு ஓடும் மெஷின் அது. இருவருமே அதைக் கண்ணால் கண்டதில்லை.

காற்று திரும்பிவிட்டது, புயல் வரும் என்று தகவல் வந்தாயிற்று. சந்தியாகுவின் மச்சான் கஸ்பார் கடலில் இருந்தான்.

ரொசாலி கேட்டாள். "முடியாதுன்னு சொல்லுதா, ஒண்ணுமே சொல்லலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"முடியாதுன்னா வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. ஒண்ணுமே சொல்லலைன்னா, நீங்க தட்டினது வீட்டுக்கே போகல."

மறுபடி தட்டினான். திரை அப்படியே கிடந்தது.

"ஒண்ணுமே சொல்லல."

"அப்ப மெஷினை விடுங்க. வாசல்ல ஒருத்தன் மறிக்கான்."

"ஃபயர்வால்தானே? மெஷினை வாடகைக்கு விடுறவங்க வெப்சைட்ல போய் அதையும் பார்த்துட்டேன். நீ எழுதின ஒரே வரிதான் இருக்கு. சங்கத்து ஆபீஸ்லேருந்து வந்தா விடணும்னு. நான் அதே ஆபீஸ்ல, அதே நாற்காலியிலதானே இருக்கேன்?"

ரொசாலி குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"போதும். எல்லாருக்கும் திறந்து விட்டுடறேன்."

மவுஸைப் பிடித்தான். ரொசாலி திரையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"ஏம்மா! கடல்ல ஆள் கிடக்கு!"

"அதனாலதான் மறைக்கேன். கண்டவன் உள்ளே புகுந்து, அலையே இல்லாத நாள்ல ஓடி வாங்கன்னு ஒரு தடவை அனுப்பட்டும். அதுக்கப்புறம் நீங்க அனுப்பினா உங்க மச்சான் நம்புவாரா?"

சந்தியாகுவின் கை நின்றது. வெளியே ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

"அண்ணே, நீங்க யாரு?"

"விளையாடாதம்மா. நேரம் போகுது."

"அந்த வாசல்காரனுக்கு உங்க மூஞ்சி தெரியாது. பேரு தெரியாது. நாற்காலியும் தெரியாது. அவன் கண்ணுக்கு நீங்க யாரு?"

"ஒரு நம்பர். நம்ம இணைப்போட நம்பர்."

"என்ன நம்பர்?"

சந்தியாகு மேசையில் கிடந்த தன் போனைத் திரும்பிப் பார்த்தான்.

காலையில் தெருவில் குழாய்க்குத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். சும்மா உட்காருவானேன் என்று அவனே தன் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு டீ குடித்தான். அத்தோடு மறந்தும் போனான்.

இப்போது அந்தப் போன் இணைப்பின் நம்பரைத் தேடி எடுத்தான். ஃபயர்வாலில் இருந்த நம்பரையும் பார்த்தான். இரண்டும் வேறு வேறு.

"நான் வேற ஆளா வந்து நிக்கேன்," என்றான்.

"எழுதுங்க."

பழைய வரிக்குக் கீழே புது நம்பரை எழுதினான். தட்டினான். விரலை எடுப்பதற்குள் திறந்துகொண்டது.

'காற்று திரும்புகிறது. உடனே கரைக்கு வாருங்கள்.'

படகுகள் ஒவ்வொன்றாகப் பதில் அனுப்பின. கஸ்பாரின் படகு மட்டும் அனுப்பவில்லை.

சந்தியாகு அதற்கு மறுபடி அனுப்பினான். இன்னொரு தடவையும் அனுப்பினான். மறுபடியும் விரல் போனது.

"முதல்ல அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சா?" என்றாள் ரொசாலி.

"சேர்ந்துட்டதாத்தான் காட்டுது."

"பிறகு எதுக்குத் தட்டுதிய? அங்கே அவர் கை சும்மாவா இருக்கும்?"

சந்தியாகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்துபோய்ச் சாத்த இருவருக்கும் தோன்றவில்லை.

கஸ்பாரின் படகிலிருந்து திரையில் ஒரு வரி வந்தது.

'புது வலை. அறுத்து விட்டாச்சு. வாரோம்.'