தேனெடுத்த அணிலும் கூட்டத்துக்காகக் காத்திருந்த கரடியும்

ஆத்தங்கரைக் காட்டுல ஒரு கரடி இருந்துச்சு. அது வீட்டுல ஒரு அணில் வேலை பார்த்துச்சு. வீடு கூட்டுறது, பழம் பொறுக்குறது, கரடிக்கு முதுகு சொறிஞ்சு விடுறது, எல்லாமே அணில்தான்.

ஒருநாள் அணில் கரடியோட தேனடையில ஒரு துண்டைப் பிச்சு, காய்ச்சல்ல கிடந்த தன் குட்டிக்குக் குடுத்துச்சு. கரடி பார்த்துடுச்சு.

"என் வீட்லயே கை வைக்கிறியா? கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா ஐயா?"

"மாட்டேன். அது வேற விஷயம்!"

வழக்கு, காட்டுக்கு நியாயம் சொல்ற யானைகிட்ட போச்சு. அந்தக் காட்டுல ஒரு வழக்கம். வேலை பார்க்குற வீட்லயே திருடினா, ஆமை முதுகுல ஏத்தி அக்கரைக்கு அனுப்பிடுவாங்க. அங்க ஒரு மரம்கூட கிடையாது. மேல பருந்துங்க சுத்திக்கிட்டே இருக்கும். ஆமை கரையை விட்டுக் கிளம்புறதுக்குள்ள, பறிகொடுத்தவர் வந்து "விட்டுடுங்க"ன்னு சொன்னா தண்டனை ரத்து. வேற யாரு சொன்னாலும் செல்லாது.

"நாளைக்குச் சாயங்காலம் அனுப்பிடலாம்"னு யானை சொல்லிடுச்சு.

மறுநாள் காலையிலேயே கரடிக்குக் கோவம் போயிடுச்சு. முதுகு வேற அரிச்சுது. பக்கத்து வீட்டு முயல் வந்துச்சு.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன். குட்டி அழுதுகிட்டே இருக்கு."

"சொல்லாமலா இருப்பேன்? சாயங்காலம் காடே கரையில கூடும். அப்ப சொன்னாத்தானே என் பெருந்தன்மை நாலு பேருக்குத் தெரியும்?"

"இப்பவே சொன்னா என்னண்ணே?"

"இப்ப அங்க யாரு இருக்கா, ரெண்டு தவளை!"

கரடி முடியைச் சீவிக்கிட்டு, பேசப் போறதை ஒத்திகை பார்த்துச்சு.

அதுக்குள்ள மலையில மழை. மதியமே ஆத்துல தண்ணி ஏறிடுச்சு. "இப்பவே போகணும், அப்புறம் நீந்த முடியாது"ன்னு ஆமை சொல்லுச்சு.

"கொஞ்சம் பொறுங்க சாமி. எங்க ஐயா கோவக்காரருதான், ஆனா வந்துடுவாரு"ன்னு கெஞ்சுச்சு அணில்.

முழங்கால் நனையுற வரைக்கும் யானை காட்டுப் பாதையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் தலையை ஆட்டிடுச்சு. ஆமை கிளம்பிடுச்சு.

சாயங்காலம் கரடி வந்துச்சு. அது ஆசைப்பட்ட மாதிரியே காடே கூடியிருந்துச்சு.

"அணிலை நான் மன்னிச்சுட்டேன்!"

யானை தும்பிக்கையால வெள்ளத்தைக் காட்டுச்சு.

"மதியமே போயிடுச்சு கரடியாரே. நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டேதான் போச்சு."

வெள்ளம் வடிஞ்சதும் ஆமை போய்த் தேடிட்டுத் தனியாத்தான் திரும்பி வந்துச்சு.

கரடி அந்தக் குட்டியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்து, முழுத் தேனடையையும் முன்னாடி வச்சுது. குட்டி தொடவே இல்ல.

"இதைத் தின்னா என்னையும் அனுப்பிடுவீங்களா?"ன்னு கேட்டுச்சு.

மன்னிக்கணும்னு மனசுல பட்டா, பார்க்க நாலு பேர் வரட்டும்னு காத்திருக்காம அப்பவே போய்ச் சொல்லிடணும்.