விரால் வைத்த ஆட்டம்

கண்மாய் வற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குட்டை அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். அதற்குள் ஊர்ப்பட்ட மீன்கள். கரையில் கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கொத்தி மூன்றும் பந்திக்கு முந்தி வந்த விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

மூன்றுக்கும் ஒரே கவலை. தான் விட்டுவைத்த மீனை அடுத்தவன் தின்றுவிடுவானோ என்ற கவலை. அதனால் பசித்தாலும் தின்றன, பசிக்காவிட்டாலும் தின்றன. மீன்கொத்தி தின்ற தீனியில் பறக்க முடியாமல் கரையில் நடந்து திரிந்தது.

அந்தக் குட்டையில் ஒரு தாய் விரால் இருந்தது. அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. சிவப்புச் சிவப்பாய், கூட்டமாய்த் திரியும் குஞ்சுகள். விராலுக்கு ஒரு சங்கடம் உண்டு. மூச்சு வாங்க அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும். மேலே வந்தால் மூன்று அலகுகள் காத்திருக்கும். பெற்ற வயிறு பதறாமல் என்ன செய்யும்?

விரால் பாறை இடுக்கிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. "அண்ணன்மாரே, வெயில் தாழுற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கீங்க. ஒரு விளையாட்டு விளையாடுவோமா?"

கூழைக்கடா நீர்க்காகத்திடம் திரும்பியது. "சாப்பாடு பேசுதுப்பா."

"பேசட்டுமே. என்ன விளையாட்டுன்னு கேளு."

விரால் வாலால் தள்ளித் தள்ளி, நத்தை ஓடுகளைக் கரையோரம் குவித்தது. "ஒவ்வொரு சுத்துலயும் ஆளுக்கு எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கலாம். மிச்சம் எத்தனை கிடக்கோ, அத்தனை ஓடு நான் மறுபடியும் போடுவேன். பொழுது சாயுற வரைக்கும் குவியல் இருந்தா மூணு பேருக்கும் ஜெயம். காலியாயிட்டா மூணு பேருக்கும் தோல்வி."

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? பச்சைப்பிள்ளைகூட ஜெயிக்குமே" என்றது மீன்கொத்தி.

விரால் 'ஆரம்பிக்கலாம்' என்று சொல்லி வாய் மூடவில்லை. மூன்றும் பாய்ந்தன. இறகு பறந்தது. நீர்க்காகம் மீன்கொத்தியை மிதித்துக்கொண்டு போனது. கண் மூடித் திறப்பதற்குள் குவியல் இருந்த இடத்தில் வெறும் சேறு.

"தோத்துட்டீங்க" என்றது விரால்.

"எல்லாம் இவனாலதான்" என்று மூன்றும் ஒரே நேரத்தில் சொல்லின. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருந்ததைக் காட்டியது.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஆளுக்கு ஒரு ஓடுதான். அப்படியும் குவியல் வளராமல் குறைந்துகொண்டே வந்தது.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்" என்றது நீர்க்காகம்.

"நானும் ஒண்ணுதான்" என்றது மீன்கொத்தி.

கூழைக்கடா வாயே திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டியது. ஆட்டும்போது அதன் தொண்டைப் பைக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் வாயைத் திறங்க" என்றது விரால்.

கூழைக்கடா வானத்தைப் பார்த்தது. மீன்கொத்தி அதன் தலைமேல் ஏறி நின்று ஒரு கொத்துக் கொத்தியது. பாதிக் குவியல் கரையில் வந்து கொட்டியது.

"இவங்க எடுத்துருவாங்கன்னு நெனைச்சேன். அதான் முந்திக்கிட்டேன்" என்றது கூழைக்கடா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். உண்மையைச் சொன்னால், மற்ற இரண்டும் அதையேதான் நினைத்திருந்தன. அவற்றுக்குத் தொண்டையில் பை இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒன்று எடுப்பதை மற்ற இரண்டும் பார்த்தன. எடுத்த ஓடுகளை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் வைத்தன. குவியல் வளர்ந்தது. ஓடு தள்ளித் தள்ளி விரால் களைத்துப்போனது. பொழுது சாய்ந்தபோது குவியல் மீன்கொத்தியை மறைக்கும் உயரத்துக்கு வந்திருந்தது.

"ஜெயிச்சிட்டோம்!" என்று கூழைக்கடா குதித்த குதியில் சேறு தெறித்தது.

"அண்ணே, அந்த ஓடெல்லாம் நாங்கதான்" என்றது விரால்.

கூழைக்கடா குதிப்பதை நிறுத்தியது.

"குஞ்சையும் சினை மீனையும் மழை வர்ற வரைக்கும் விட்டுவைங்க. கண்மாய் நெறைய மீனாகும். இன்னைக்கே வழிச்சுத் தின்னுட்டா, அப்புறம் சேத்தைத்தான் திங்கணும்."

"அப்ப எங்க வயித்துக்கு?" என்று கேட்டது நீர்க்காகம்.

"பெரிய மீனா ஆளுக்கு ஒண்ணு. மத்த ரெண்டு பேரும் பாக்க எடுத்துக்கங்க."

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கெண்டை தலையை நீட்டியது. "பெரிய மீனுங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே அக்கா?"

"நானும் பெரிய மீன்தான்டா" என்றது விரால். கெண்டை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து விரால் குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வந்தன. கூழைக்கடாவின் அலகுக்கு நேர் கீழே, ஒரே வாய்க்கு அடங்கும் கூட்டம். தாய் விரால் பயத்தில் துடித்துப்போனது.

கூழைக்கடா நீர்க்காகத்தைப் பார்த்தது. நீர்க்காகம் மீன்கொத்தியைப் பார்த்தது. மீன்கொத்தி கூழைக்கடாவைப் பார்த்தது. ஒன்றுகூட அசையவில்லை. குஞ்சுகள் ஆற அமர மூச்சு வாங்கிக்கொண்டு கீழே இறங்கின. கூழைக்கடா எச்சிலை விழுங்கிக்கொண்டது.

அடுத்தவன் எடுத்துவிடுவான் என்று ஆளாளுக்கு முந்தினால் பொதுச்சொத்து ஒரே நாளில் தீர்ந்துபோகும். எல்லோரும் பார்க்க அளவோடு எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் என்றைக்கும் இருக்கும்.