ஐராவதத்தின் கடைசி சீட்டு

பொன்னூத்து மலையடிவார ஆசிரமத்துக்குப் புது வண்டி வந்த அன்றே ஆவுடையப்பன் அதைச் சந்தேகமாய்ப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வண்டியை மட்டுமல்ல, அதை வாங்கிக்கொண்ட குருவையும்.

முப்பது வருஷமாய் அவர் அங்கே சீடர்; டிரைவரும் அவரே. இதோடு மூன்று வண்டி பார்த்தாயிற்று. மூன்றுக்கும் ஒரே பெயர், ஐராவதம். கம்பெனிக்காரன் பத்து வருஷத்துக்கு ஒருதரம் உருவத்தை மாற்றுவான், பெயரை மட்டும் விடமாட்டான்.

முதல் ஐராவதம் வெறும் இரும்புப் பெட்டி. பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. நெருக்கி உட்கார்ந்தால் பத்துப் பேர். இரண்டாவது அதைவிட ஒரு முழம் நீளம். பெஞ்சு போய், எல்லாரும் முன்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டு வந்தது, எட்டுப் பேர். இப்போது வந்திருப்பதோ கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. கூரையில் கண்ணாடி, முன்னால் டி.வி. போல ஒரு திரை, நடுவில் கைப்பிடி வைத்த தனித்தனி நாற்காலி. டிரைவரோடு சேர்த்து ஏழே பேர்.

வண்டி பெரிசாக ஆக இடம் சுருங்குகிறதே, இதில் என்னமோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

குரு விஷயமும் அப்படித்தான். பெரிய சாமி சமாதியாகி இரண்டு வருஷம். அவர் இடத்தில் இப்போது சங்கிலி சாமி. காவி கட்டுவதற்கு முன் இருபது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர்; வயசிலும் ஆவுடையப்பனுக்கு இளையவர். பஸ் ஓட்டினவருக்கு வந்த ஞானம் கார் ஓட்டுகிறவனுக்கு ஏன் வரவில்லை என்று ஆவுடையப்பன் யாரிடமும் கேட்டதில்லை. மனசுக்குள் கேட்காத நாளும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஒரு முடிவோடு வந்தார். துணிமணியை டிரங்குப் பெட்டியில் அடைத்து, வண்டியின் பின்வரிசை மூலையில், கடைசி சீட்டில் வைத்து, சாயாமலிருக்க பெல்ட்டும் மாட்டினார். தான் கேட்கப்போவதற்குச் சாமியின் பதில் சரியில்லை என்றால் டவுனில் சாவியைக் கொடுத்துவிட்டு மகள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவது.

"சாமி, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா அண்ணாச்சி?"

"பேரு அதேதான். ஆனா இதுல பழைய ஐராவதம் எங்க இருக்கு? ஒரு போல்ட்டுகூட அதுல உள்ளது இல்லையே."

கேட்டது வண்டியைப் பற்றி மட்டுமல்ல என்று இருவருக்கும் தெரியும்.

"இன்னிக்கு வியாழக்கிழமை. சனங்க காத்திருப்பாங்க. போயிக்கிட்டே தேடுவோம்."

வியாழன்தோறும் மலையோர ஊர்களில் நோயாளிகளை ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பெரிய சாமி வைத்த வழக்கம். அவர் எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருவார். வண்டி நிறைந்த பிறகு வழியில் யாராவது கை காட்டினால், தாம் இறங்கி இடம் கொடுப்பார். மிச்ச தூரம் நடை.

சங்கிலி சாமியோ நடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியில் கையையும் வைத்துக்கொண்டார். ஆவுடையப்பன் கண்ணாடியில் அதைப் பார்த்தார். நினைத்தது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டார்.

முதல் ஊரில் ஒரு கர்ப்பிணியும் அவள் அம்மாவும் ஏறினார்கள். அடுத்த ஊரில் கண் ஆபரேஷனுக்கு ஒருவர், காலில் கட்டுப் போட்ட ஒருவர். ரோடு பிரியும் புளியமரத்து விலக்கில் சுடலைவடிவு நின்றிருந்தாள். மூச்சிரைப்புக்காரி, நாலு எட்டு வைத்தால் நின்றுவிடுவாள்.

"இடம் இல்லையே தாயி," என்றார் ஆவுடையப்பன். "பழைய வண்டின்னா நெருக்கி உட்காரலாம். இது பெரிய வண்டில்லா."

சொல்லிவிட்டு குருவின் முகத்தையே பார்த்தார். இறங்குகிறாரா, பார்ப்போம்.

சாமி இறங்கினார். ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் சாமி வண்டியைச் சுற்றிவந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நீங்க இறங்குங்க."

"நானா? வண்டியை யாரு ஓட்டுறது?"

"எனக்கும் ஓட்டத் தெரியும்."

"பெரிய சாமி இருந்தா அவருதான் இறங்குவாரு."

"ஆமா. எல்லாத் தடவையும் அவருதான் இறங்கினாரு."

சுடலைவடிவு நடு நாற்காலியில் ஏறினாள். வண்டி போய்விட்டது.

டவுனுக்கு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். பஸ்காரன் புத்தி எங்கே போகும் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தார் ஆவுடையப்பன். பாதி வழியில் செருப்பு கடித்து ரத்தம் வந்தது. பாலத்தடி டீக்கடையில் போய் நின்றார்.

"அந்தக் கல்லுல உட்காருங்க," என்றாள் கடைக்காரி. "பெரிய சாமியும் அதுலதான் உட்காருவாரு. கால் ரெண்டும் வீங்கி, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வருவாரு. வெந்நி வச்சுக் குடுப்பேன்."

"கால் வீங்குமா? எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க முன்னாடியே வண்டியில போயிருப்பீங்க."

குத்தலாய்ச் சொல்லவில்லை அவள். ஆனாலும் ஆவுடையப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். வெட்கமாயிருந்தது. அந்தப் பாலத்தை எத்தனையோ வியாழன் அவர் திரும்பிப் பார்க்காமல் கடந்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு எழுந்து நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உச்சிவெயில். வேப்பமர நிழலில் வண்டி நின்றது. சாமி அதன் அருகில் நின்று சாவியை நீட்டினார்.

"பழைய ஐராவதம் தட்டுப்பட்டுதா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் சாவியை வாங்கவில்லை.

"திரும்பும்போதும் நீங்களே ஓட்டுங்க சாமி. நான் பெரிய சாமி இடத்துல, அந்தக் கடைசி சீட்டுல உட்கார்ந்து வாரேன்."

சாமி பின்கதவைத் திறந்து காட்டினார்.

"அங்க காலையிலேர்ந்து உங்க பெட்டி உட்கார்ந்திருக்கு அண்ணாச்சி. சுடலைவடிவு நின்னப்பவும் அது இறங்கலை."