தவிட்டுக்குருவிகளுக்குக் கிடைத்த சொல்

ஏரிக்கரைக் காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. ஆறு குருவிகள் சருகைக் கிளறிப் புழு தேடும். ஒரு குருவி கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும்.

ஒருநாள் காவல் முறை நொச்சி என்ற குருவிக்கு வந்தது. எதிர்மரத்தில் ஒரு வல்லூறு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். "எதிரே இருக்கிற மருதமரத்தில், மூன்றாவது கிளையில், இலைக்குப் பின்னால்..." என்று ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் வல்லூறு பாய்ந்து அவள் தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நொச்சிக்கு இரண்டு நாள் இரை இறங்கவில்லை. கண்ணால் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மற்ற ஐந்து குருவிகளையும் கூப்பிட்டாள். இப்படித் திடீரென்று வந்து விழுகிற தாக்குதலுக்கு, ஒரே மூச்சில் சொல்லும்படி ஒரு சொல் வேண்டும் என்றாள்.

பக்கத்து மரத்து மைனாவுக்குத் தான் பெரிய படிப்பாளி என்று நினைப்பு. கூப்பிடாமலே வந்து, 'எதிர்பாராப் பெருந்தாக்குதல் நிகழ்வு' என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. ஒரு குருவி சொல்லிப் பார்த்தது. பாதியிலேயே அதற்கு மூச்சு வாங்கியது.

நொச்சி யோசித்தாள். "வல்லூறு என்ன செய்கிறது? முதலில் கரக்கிறது, அதாவது ஒளிந்துகொள்கிறது. பிறகு அடிக்கிறது. கரந்து அடிப்பதால், கரந்தடி."

குருவிகளுக்குச் சொல் பிடித்துப்போயிற்று. மைனாவுக்குத்தான் பொறுக்கவில்லை. இதை யார் ஒப்புக்கொண்டது, எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது.

அப்போது காற்றே இல்லாமல் மருதமரத்தில் ஓர் இலை அசைந்தது.

"கரந்தடி!" என்று கத்தினாள் நொச்சி.

கண்மூடித் திறப்பதற்குள் ஆறு குருவிகளும் முள்புதருக்குள் இருந்தன. மைனா மட்டும், "அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?" என்று கேட்டபடி வெளியே நின்றது. வல்லூற்றின் நகம் அதன் வாலை அப்படியே பிடுங்கியது. மைனா விழுந்து புரண்டு, முள் குத்தக் குத்தப் புதருக்குள் நுழைந்தது.

வல்லூறு வெறும் இறகோடு பறந்து போனது.

"ரொம்ப வலிக்கிறதா அண்ணா?" என்று நொச்சி கேட்டாள்.

"வலிக்கிறது. அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லம்மா, மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்" என்றது மைனா.

ஆபத்தை அறிவிக்கும் சொல் அலங்காரமாக இருப்பதைவிட, கேட்டவுடன் புரிவதே முக்கியம்.